அருங்காட்சியகத்தில் இருபது நிமிடம், கூத்தில் விடிய விடிய: ஒரு தகப்பனாரின் கேள்விக்கு விரிவான பதில்

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கும் கேள்வி இது. கோடை விடுமுறையில் தம் இரண்டு பிள்ளைகளையும் சென்னைக்கு அழைத்துப் போய் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தைக் காட்டியிருக்கிறார். இருபது நிமிடத்தில் சுற்றி முடித்து வெளியே வந்துவிட்டார்கள். ஊர் திரும்பியபின் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "நிறைய சாமி சிலை" என்பதற்கு மேல் பிள்ளைகளால் எதுவும் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் மாமனார் ஊரில் மாரியம்மன் பண்டிகை, இரவு கர்ண மோட்சம் கூத்து. அதே பிள்ளைகள் சாக்கை விரித்துக்கொண்டு விடியும்வரை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கும் வீட்டில் ஒருவன் துண்டைத் திரையாகப் பிடிக்க இன்னொருவன் அதன் பின்னாலிருந்து கர்ணனாக வருகிறான். "அப்படியானால் கலை உயிரோடு இருப்பது கூத்தில் மட்டும்தானா, அருங்காட்சியகம் வெறும் பழம்பொருள் கிடங்குதானா, அல்லது எங்களுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா?" என்று முடித்திருக்கிறார்.

கூத்து பெரிதா, அருங்காட்சியகம் பெரிதா என்பது போல் கேள்வி தோன்றினாலும், அவரை உறுத்திக்கொண்டிருப்பது கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். குறை எங்கள் கண்ணிலா, அந்தக் கூடத்திலா என்று அவர் கேட்கிறார். நான் அருங்காட்சியியல் படித்துவிட்டு இருபத்தைந்து ஆண்டுகள் காட்சிக்கூடங்களில் பொருள்களை நிறுத்துவதும் அவற்றுக்குக் குறிப்பு எழுதுவதுமாக இருந்தவன். ஓமலூர்ப் பக்கத்துக்காரன் என்பதால் நினைவு தெரிந்த நாளிலிருந்து கூத்தும் பார்த்து வருகிறேன். என் பதில், குறை இரண்டு இடத்திலும் இல்லை என்பதே. ஒரு கலையை எவ்வளவு நேரம் பார்ப்போம், எங்கே நின்று பார்ப்போம், யாரோடு பார்ப்போம் என்பதையெல்லாம் நாம் உள்ளே நுழைவதற்கு முன்பே அந்த இடம் பெரும்பாலும் தீர்மானித்து வைத்துவிடுகிறது. கூத்து நடக்கும் களமான களரி இவற்றையெல்லாம் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. அருங்காட்சியகம் எல்லாவற்றையும் பார்க்க வந்தவர் பொறுப்பில் விட்டுவிடுகிறது. அதைப் பிறர் சொல்லித் தராமல் கையாளப் பத்து வயதுப் பிள்ளையால் முடியாது, பெரும்பாலான பெரியவர்களாலும் முடிவதில்லை.

நேரத்தைப் பற்றி உறுதியாகவே சொல்லலாம், ஏனென்றால் அதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 150 பார்வையாளர்களை அவர்கள் அறியாமலே கவனித்து, 2001-இல் வெளியிட்ட ஆய்வில், உலகப் புகழ்பெற்ற ஓர் ஓவியத்தின் முன் ஒருவர் நின்ற சராசரி நேரம் சுமார் 27 வினாடி. பாதிப்பேர் 17 வினாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். 2017-இல் சிகாகோவில் மீண்டும் அளந்தபோதும் சராசரி 29 வினாடியைத் தாண்டவில்லை. அந்த நேரத்துக்குள்தான் குறிப்பு அட்டையைப் படிப்பதும் அடங்கும். ஆகவே ஆத்தூர்ப் பிள்ளைகள் சிலைக்குச் சில வினாடி என்று ஓடியதில் அவர்களுக்கோ நம் ஊருக்கோ தனியாக எந்தக் குறையும் கிடையாது. கூடத்தில் நூறு பொருள் இருந்தால் கால் அப்படித்தான் நடக்கும். பாஸ்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் என்பவர் 1916-லேயே ஒரு மனிதரைக் குனிந்தும் எக்கியும் காட்சிப் பெட்டிகளைப் பார்க்கவிட்டுப் படம் பிடித்து, பார்வையாளர் களைத்துப் போவதற்குக் காரணம் பொருள்களை வைத்திருக்கும் விதம்தான் என்று எழுதினார்.

கூத்தில் நேரம் நம் கையில் இல்லை. களரி கட்டி, மத்தளமும் தாளமும் முகவீணையும் ஊரைக் கூட்டி, கூத்தை அறிவிக்கும் கோமாளியான கட்டியங்காரன் வந்து சிரிக்கவைத்துவிட்டுப் போன பிறகும் கர்ணன் வந்துவிடுவதில்லை. இருவர் திரையைப் பிடித்து நிற்கிறார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடுகிறது, கீழே சலங்கை கட்டிய கால் தெரிகிறது, குரல் கேட்கிறது, முகம் தெரியவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து பாடும் திரை விருத்தம் முடியும்வரை இது நீள்கிறது. ஒரு முகத்தைக் காண்பதற்கு அவ்வளவு நேரம் காத்திருந்தவன் அந்த முகத்தை மறப்பதில்லை. உங்கள் பிள்ளைகள் வீட்டில் நடித்துக் காட்டுவது போர்க்களத்தை அல்ல, இந்தத் திரையைத்தான் என்பதைக் கவனித்தீர்களா? எதையும் உடனே காட்டிவிடாமல் வைத்திருப்பது கூத்து வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தேர்ந்த வித்தை. வெண்கலக் கூடத்தில் கதவு திறந்தவுடன் எல்லாத் தெய்வங்களும் ஒரே வெளிச்சத்தில், ஒரே நேரத்தில், முழுதாகத் தெரிந்துவிடுகின்றன.

அடுத்தது நிற்கும் இடம். இதைப் புரிந்துகொள்ளச் சென்னைக்கும் போக வேண்டாம், களரிக்கும் போக வேண்டாம். சேலத்திலிருந்து மேற்கே 25 கிலோமீட்டர் அளவில் இருக்கும் தாரமங்கலம் போதும். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில் ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டையிடுகிறார்கள். சற்றுத் தள்ளி வேறொரு தூணில் இராமன் வில்லை வளைத்து நிற்கிறான். இராமன் இருக்கும் தூணருகே நின்றால் வாலி தெரிகிறான். வாலியின் பக்கத்தில் நின்று பார்த்தால் இராமன் தெரிவதில்லை. கோயிலுக்கு வருபவர்கள் இதை ஒரு வேடிக்கை போலக் காட்டிவிட்டு, யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையைத் தொட்டுப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நான் அந்த இரண்டு தூண்களுக்கும் நடுவே பலமுறை நடந்திருக்கிறேன். மறைந்து நின்று அம்பு எய்தது முறையா என்று நம் ஊரில் எத்தனையோ பட்டிமன்றங்கள் நடந்திருக்கின்றன; அந்தச் சிற்பி ஒரு சொல்லும் பேசாமல் உங்களை முதலில் இராமனின் இடத்தில் நிற்க வைக்கிறான், பிறகு சில அடி நடக்க வைத்து, எய்தவன் யாரென்று தெரியாமல் விழப்போகும் வாலியின் இடத்தில் நிற்க வைக்கிறான். சிற்பம் அசையவில்லை, நாம்தான் அசைகிறோம். ஆனாலும் அது ஒரு நிகழ்த்துகலைதான். இந்த இரண்டு தூண்களையும் ஓர் அருங்காட்சியகக் கூடத்துக்குக் கொண்டு வந்து நல்ல விளக்கொளியில் அருகருகே நிறுத்தினால், வில்லின் நாணும் வாலியின் தசையும் இப்போது தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும். மறைவு மட்டும் இருக்காது. மறைவுதான் அந்தச் சிற்பத்தின் பொருள்.

ஏற்காட்டு மலைமேல் சேர்வராயன் கோயிலிலும் இதே போன்ற ஒன்று உண்டு. அது ஒரு குகை. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். அந்தக் குனிவை எந்தக் குறிப்பு அட்டையாலும் எழுதிக்காட்ட முடியாது. கூத்திலும் அர்ச்சுனன் தபசு நடக்கும்போது, அதுவரை உட்கார்ந்திருந்த ஊர் எழுந்து, அர்ச்சுனன் ஏறும் தபசு மரத்தடிக்குப் போய் அண்ணாந்து நிற்கிறது. மேலிருந்து விழும் எலுமிச்சம்பழத்துக்கு முந்தானையை ஏந்துகிறது. அந்த நேரத்தில் அவர்கள் வெறும் பார்வையாளர்களாக இருப்பதில்லை.

உடன் இருப்பவர்களைப் பற்றி நான் கற்றுக்கொண்டது என் தவறு ஒன்றிலிருந்துதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்சிக்கூடத்தில் நடுகற்களை வரிசையாக நிறுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது எனக்கு ஒழுங்கின் மேல் பெரிய மோகம். எல்லாக் கற்களையும் சுவரோரம் ஒரே உயரத்தில் நிறுத்தி, முழங்கால் மட்டத்தில் நூற்றாண்டு, கிடைத்த ஊர், எழுத்தின் வகை என்று நான்கு வரிக் குறிப்பு வைத்தேன். மாணவர்கள் வரிசையாக வந்தார்கள், வரிசையாகப் போனார்கள். ஒருநாள் மலை அடிவாரத்திலிருந்து பேரனோடு வந்த ஒரு மூதாட்டி, வாசலிலேயே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, வாளோடு நிற்கும் வீரனின் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இவன் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன், தெரியுமா?" என்று பேரனிடம் சொன்னார். நான் எழுதி வைத்திருந்த நான்கு வரியில் அந்தச் செய்தி இருந்தது, ஆனால் நான்காவது வரியில், யாரும் குனிந்து படிக்காத இடத்தில் இருந்தது. அன்று அந்தக் கூடத்தில் இருந்த பத்துப் பேரும் அவருக்குப் பின்னால் நின்று அதே கல்லைப் பார்த்தார்கள். தகடூர் அதியமானின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததை ஔவையார் பாடியிருக்கிறார். தகடூர் என்பது 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரிதான். இந்தக் கற்கள் தொடக்கம் முதலே ஊர் கூடி நின்று பார்ப்பதற்காக நடப்பட்டவை. அவற்றைத் தனித்தனியாக, மௌனமாகப் பார்க்கும்படி மாற்றியவன் நான். அடுத்த மாதமே வரிசையைக் கலைத்து மூன்று கற்களைக் கூடத்தின் நடுவே கொண்டுவந்து, சுற்றி நின்று பேசும்படி வைத்தோம்.

கூத்தில் இந்தக் கூட்டம் இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. திரௌபதியின் துகிலை உரியும் காட்சிக்கு முன் துச்சாதனன் வேடம் கட்டியவர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பதையும், அந்த இடத்தில் கூட்டத்திலிருக்கும் பெண்கள் சிலருக்கு அருள் வருவதையும் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் அத்தை அழும்போது பிள்ளை நடிகரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அத்தையின் முகத்தைப் பார்க்கிறது. பிறகு மறுபடியும் நடிகரைப் பார்க்கும்போது வேறு கண்ணோடு பார்க்கிறது.

இவ்வளவும் சொன்னபின் அருங்காட்சியகத்தைக் கிடங்கு என்று ஒப்புக்கொள்கிறேன் என நினைத்துவிட வேண்டாம். அது எடுத்துக்கொள்வதைப் போலவே கொடுப்பதும் உண்டு, கொடுப்பவற்றுள் சிலவற்றை வேறு எந்த இடத்தாலும் கொடுக்க முடியாது. சேர்வராயன் மலையில் வழவழப்பாகத் தீட்டிய புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. மலை மக்கள் அவற்றைக் கண்டெடுத்துப் பிள்ளையார் என்று மரத்தடியில் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். புருஸ் ஃபூட் போன்ற நிலவியலாளர்கள் இத்தகைய கற்களைத் திரட்டினார்கள். அவருடைய சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது. மரத்தடியில் இருந்தவரை அந்தக் கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் மரியாதையும் இருந்தன, வயது இருக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தபின் மஞ்சள் போயிற்று. ஆனால் இரும்பை அறியாத ஒருவர் இதே மலையில் உட்கார்ந்து ஒரு கல்லை இன்னொரு கல்லில் நாள்கணக்கில் தேய்த்திருக்கிறார் என்பது தெரியவந்தது. இரண்டில் எது பெரியது என்று என்னைக் கேட்டால் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டும் வெவ்வேறு பார்வை, இரண்டும் உண்மையான பார்வை.

வெண்கலங்களுக்கும் இது பொருந்தும். கோயிலில் உற்சவ மூர்த்தியைப் பட்டும் மாலையும் சாத்திய அலங்காரத்தில், முன்பக்கத்திலிருந்து, கூட்டத்தின் நடுவே சில நொடி பார்க்கிறோம். தரிசனத்துக்கு அது நிறைவானது. ஆனால் நடராசரின் முதுகை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? தூக்கிய காலுக்கு ஈடாக இடுப்பு எப்படித் திரும்பியிருக்கிறது, ஊன்றிய காலின் முழங்கால் எவ்வளவு வளைந்திருக்கிறது, பறக்கும் சடை தலையின் பின்னால் எங்கே சேர்கிறது என்பதையெல்லாம் அருங்காட்சியகத்தில்தான் சுற்றி நடந்து பார்க்க முடியும். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றி, மண்ணை உடைத்து எடுக்கும் வார்ப்பு அது. ஒரு வார்ப்பிலிருந்து ஒரே ஒரு சிலை. பின்பக்கம் யாருக்கும் தெரியாது என்று அந்த ஸ்தபதி அசட்டையாக விட்டுவிடவில்லை என்பதை முதன்முதலில் கண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நேரில் பார்த்தால்தான் கலை என்று அடித்துச் சொல்பவர்களுக்கு நான் வழக்கமாக ரோதானை நினைவூட்டுவேன். பிரெஞ்சுச் சிற்பியான அவர் 1913-இல் நடராசர் வெண்கலத்தைப் பற்றி உருகி எழுதினார். 1921-இல், அவர் மறைந்த பிறகு, அது அச்சில் வந்தது. அவர் இந்தியாவுக்கு வந்தவரே இல்லை. சென்னை அருங்காட்சியகத்து வெண்கலங்களின் புகைப்படங்களை வைத்துக்கொண்டே, கை எங்கே ஒளியை வாங்குகிறது, நிழல் எங்கே இறங்குகிறது என்று எழுதியிருக்கிறார். அதே ரோதான் 1906-இல் கம்போடிய அரசவை நடனப் பெண்கள் பாரிசுக்கு வந்தபோது, ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் பின்னாலேயே மார்செய்லுக்குப் போய்ச் சில நாட்களில் ஏறத்தாழ 150 சித்திரங்கள் வரைந்தார். அசையாத படத்தின் முன் அவர் நிதானமாக எழுதினார். ஆடும் உடலின் முன் தாளைக்கூடப் பார்க்க நேரமின்றி வரைந்தார். பார்க்கப் பழகிய கண்ணுக்கு இரண்டும் உணவுதான். ஆனால் புகைப்படத்தின் முன் அவரை அவ்வளவு நேரம் உட்கார வைத்தது, ஆயுள் முழுதும் களிமண்ணைப் பிசைந்து பெற்ற பயிற்சி. அந்தப் பயிற்சியைப் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இனி, ஐயத்துக்குரியவை. மூலப்பொருளை அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்கள் அதிக நேரம் பார்க்கிறார்கள், அதிகம் விரும்புகிறார்கள் என்று வியன்னாவில் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆய்வகத்தில் திரையில் பார்த்தவர்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். இது கலைக்கூடத்தின் சிறப்பா, அல்லது கலைக்கூடத்துக்கு வந்துவிட்டோம் என்ற மனநிலையின் வேலையா என்பதை அந்த ஒப்பீட்டைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே கச்சேரியைக் கேட்பவர்களின் இதயத் துடிப்பு ஓரளவு ஒத்துப்போகிறது என்று ஜெர்மனியில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மூச்சின் வேகமும் ஒத்துப்போனது, ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து விட்டார்கள் என்று அது காட்டவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு "கூத்தில் ஊரே ஒரே இதயமாகிறது" என்று மேடையில் பேசுகிறார்கள். துடிப்பு ஒத்துப்போவது வேறு, உணர்வு ஒத்துப்போவது வேறு; அளந்தது முதலாவதை மட்டும்தான். மேலும் நான் சொன்ன அளவுகள் எல்லாம் மேல்நாட்டுக் கூடங்களில், நாற்காலி போட்டு அமைதியாக அமரும் சபைகளில் எடுக்கப்பட்டவை. வெற்றிலை மென்றுகொண்டு, இடையில் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து, தூங்கி எழுந்து பார்க்கும் நம் பார்வையாளர்களுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதில் நான் எச்சரிக்கையாகவே இருப்பேன்.

நேரடி நிகழ்ச்சி என்பதாலேயே ஒன்று உயிரோடு இருந்துவிடாது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. விழா மேடை ஒன்றில் அரை மணிக்குச் சுருக்கிய கூத்தைப் பார்த்திருக்கிறேன்: திரை இல்லை, விருத்தம் இல்லை, கர்ணன் படியேறி வந்து இரண்டு அடவு போட்டு இறங்கிவிட்டான். ஆடியவர் தேர்ந்த கலைஞர். மேடைக்குக் கீழே நின்று, "பாட்டே பாடலைங்க" என்று என்னிடம் வருத்தப்பட்டார். அது கூத்தின் ஒரு மாதிரியைப் பெட்டியில் வைத்துக் காட்டியது போன்றது, பெட்டியில் உள்ள குறிப்பு கூட இல்லாமல். நேரத்தைக் குறைத்தால் கலையின் உருவமே மாறும் என்பதற்குச் சேலத்திலேயே பழைய சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் முதன்முதலாக இசைத்தட்டுகளில் பாடியவர்களுள் சேலம் கோதாவரி ஒருவர். தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் ஓடாது. மணிக்கணக்கில் விரியும் இராகத்தை அதற்குள் அடக்கிப் பாட வேண்டியிருந்தது. அந்தக் குரல் நமக்குக் கிடைத்தது பெரும்பேறு. ஆயினும் அவருடைய கச்சேரியை அந்தத் தட்டை வைத்து மதிப்பிடக் கூடாது.

ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி இது. அடுத்த முறை அருங்காட்சியகத்துக்குப் போகும்போது கூடம் முழுவதையும் பார்க்காதீர்கள். சேலம் அரசு அருங்காட்சியகமாக இருந்தாலும் சென்னையாக இருந்தாலும் மூன்றே பொருளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம் உட்காருங்கள். முதலில் பின்பக்கம் போகச் சொல்லுங்கள், பிறகு முன்பக்கம்; கூத்துத் திரை செய்யும் வேலையை நீங்களே செய்யுங்கள். பொருளை முழுதாகப் படமெடுத்தால் நினைவு குறைகிறது என்று அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் 2014-இல் காட்டினார். ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறைவு ஏற்படவில்லை. எனவே எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கையை, ஒரு பாதத்தை எடுக்கட்டும். குறிப்பு அட்டையை நீங்கள் முன்பே படித்து வைத்துக்கொண்டு, அந்த மூதாட்டி சொன்னது போல ஒரே வாக்கியத்தில் கதையாகச் சொல்லுங்கள்.

கூத்துக்கும் வழக்கமான நேரத்துக்குப் போகாமல் ஒருமுறை மாலையிலேயே போங்கள். வேடம் கட்டும் இடத்தில் வாத்தியாரிடம் ஐயா என்று கேட்டால் பிள்ளைகளை உட்கார விடுவார். முகத்தில் அரிதாரம் ஏறுவதையும் கட்டைகள் எனப்படும் மர அணிகள் ஒவ்வொன்றாகக் கட்டப்படுவதையும் அவர்கள் பார்க்கட்டும். தோளில் கட்டும் புஜகீர்த்தியைக் கையில் வாங்கிப் பார்க்கக் கேளுங்கள்: கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியது, பார்க்கப் பொன் போலப் பளபளக்கும், தூக்கினால் கனமே இராது. அதைக் கையில் வைத்திருந்த பிள்ளை மறுபடி வெண்கலக் கூடத்துக்குள் நுழையும்போது, நீங்கள் எதையும் காட்டத் தேவையிருக்காது. ஒவ்வொரு சாமியின் தோளிலும் என்ன கட்டியிருக்கிறது என்று அவனே தேடிக்கொண்டு போவான்.